31 வயதில் மெய்யியலா, இலக்கியமா?

கேள்வி: ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பிக்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் சிறப்புக்கலை முடித்தேன், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. வயது 31. இடம்பெயர்ந்து திரிந்ததில் படிப்பு இரண்டு வருடம் பிந்திவிட்டது. விரிவுரையாளராகி இலக்கிய விமர்சனம் எழுத வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஒருமுறை நேர்முகத் தேர்வுக்குப் போனேன், சரிவரவில்லை. என் கட்டுரைகளைப் பார்க்கும் மெய்யியல்காரர்கள் "இது இலக்கியம்" என்கிறார்கள். இலக்கியக்காரர்கள் "இது மெய்யியல்" என்கிறார்கள். அம்மா, "மாதம் முடியச் சம்பளம் வருதுதானே பிள்ளை, இனி என்னத்துக்குப் படிப்பு?" என்கிறார். அம்மம்மா பாடக் கேட்ட அரியாத்தை ஒப்பாரியைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், அதைத் தவிர ஆய்வு என்று கையில் ஒன்றுமில்லை. முதுதத்துவமாணி (எம்.ஃபில்) செய்யலாமா? எந்தத் துறையில்? இல்லை, விட்டுவிடவா?
– பெயர் வேண்டாம், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

விட வேண்டாம். வேலையையும் விட வேண்டாம், ஆசையையும் விட வேண்டாம்.

முதலில் வயதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அதுதான் அதிகம் வலிக்கிறது. தமிழ் இலக்கிய விமர்சகர், பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1932இல் கரவெட்டியில் பிறந்தவர். பாடசாலையில் படிப்பித்தார், பாராளுமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார், அதன் பிறகுதான் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றபோது அவருக்கு நாற்பதை நெருங்கிய வயது. உங்களுக்குப் பிந்தியது என்று எழுதியிருக்கும் இரண்டு வருடங்களை நீங்கள் சும்மா இருந்து தொலைக்கவில்லை. வன்னியில் உங்கள் வயதுக்காரர் எல்லாருடைய கணக்கிலும் அந்த ஓட்டை இருக்கிறது. அதை உங்கள் குறையாக எங்கேயும் எழுதாதீர்கள், நேர்முகத்திலும் சொல்லித் தலைகுனியாதீர்கள்.

அடுத்தது துறை. மிகயில் பக்தின் என்ற ரஷ்யரின் பெயரை மெய்யியலில் கேட்டிருப்பீர்கள், இலக்கியத்திலும் கேட்டிருப்பீர்கள். உங்களிடம் சொன்னதைத்தான் அவரிடமும் இரண்டு பக்கத்தாரும் சொல்லியிருக்க முடியும். இளமையில் அவர் எழுதியவற்றின் நடுவில் இருந்தது அறவியல்: ஒரு மனிதர் இன்னொரு மனிதரை ஒரு பொருளாக்கிவிடாமல் அறிவது எப்படி என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போன இடம் தொஸ்தோயெவ்ஸ்கியின் நாவல்கள். தன் பாத்திரங்களைப் பற்றிக் கடைசி வார்த்தையைத் தானே சொல்லிவிடாத எழுத்தாளர் அவர் என்று கண்டு 1929இல் ஒரு நூல் எழுதினார். நூல் வந்தபோது ஆசிரியர் கைதியாக இருந்தார். பிறகு கசகஸ்தானுக்கு நாடுகடத்தல். அங்கே நம்முடைய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் போன்ற ஒரு நுகர்வோர் கூட்டுறவில் கணக்கெழுதினார். 1938இல் எலும்பு நோயால் ஒரு காலை வெட்டி எடுக்க வேண்டி வந்தது. போர்க்காலத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் மொழி படிப்பித்தார். 1945இலிருந்து 1961 வரை மொஸ்கோவிலிருந்து வெகுதூரத்தில், சரான்ஸ்க் என்ற மாகாண நகரத்தில், ஆசிரியர்களைப் பயிற்றுவித்த, பின்னர் 1957இல் பல்கலைக்கழகமான கல்லூரியொன்றில் இலக்கியம் கற்பித்தார். பிரெஞ்சு எழுத்தாளர் ரபலே பற்றிய ஆய்வேட்டை 1946இல் மொஸ்கோவில் சமர்ப்பித்தபோது, அதற்கு உயர்ந்த கலாநிதிப் பட்டமே கொடுக்கலாமா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் 1952இல் கிடைத்தது அதற்கு ஒரு படி கீழான பட்டம்தான். அவர் இறந்திருப்பார் என்றே நினைத்திருந்த இளம் ஆய்வாளர்கள் சிலர் அறுபதுகளின் தொடக்கத்தில் அவரைத் தேடிப் போனார்கள். தொஸ்தோயெவ்ஸ்கி நூல் 1963இல் மறுபதிப்பானது, ரபலே நூல் 1965இல் வெளிவந்தது. தன்னை மெய்யியலாளர் என்றே சொல்லிக்கொண்ட அந்த மனிதர் சம்பளம் வாங்கியது இலக்கியத் துறையில்.

இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பக்தினுக்கு நடந்தது அநியாயம். அறிவுள்ளவர் கஷ்டப்படத்தான் வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நான் காட்ட விரும்புவது வேறு. கணக்கு எழுதிய வருடங்களிலும், பள்ளிக்கூடத்திலும், சரான்ஸ்கிலும் அவரிடம் ஒரே கேள்வி இருந்தது. துறைகள் அந்தக் கேள்வியைச் சுற்றி மாறின. உங்கள் கட்டுரைகளை இரண்டு பக்கத்தாரும் தள்ளிவிடுகிறார்கள் என்றால், அது நீங்கள் இரண்டுக்கும் ஆகாதவர் என்பதால் இருக்காது. எந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்பது கட்டுரையில் இன்னும் தெளிவாக வரவில்லை என்று நினைக்கிறேன். கேள்வி தெளிந்துவிட்டால் எந்தத் துறையின் கதவைத் தட்டுவது என்பது பெரிய சிக்கலாக இராது.

சரி, கேள்வி எங்கே? உங்கள் கொப்பியில் இருக்கிறது. "ஆய்வு என்று ஒன்றுமில்லை" என்று எழுதிய அதே வரியில் அதையும் எழுதியிருக்கிறீர்கள், வாசித்தபோது எனக்குக் கோபமே வந்தது.

அரியாத்தையின் கதை உங்களுக்குத் தெரியும். ஆண்கள் தயங்கிநின்ற யானையை வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை கட்டிக்கொண்டு வருகிறாள். பொறாமைக்காரர் நஞ்சூட்டிக் கொல்கிறார்கள், கணவனும் அவளோடு சாகிறான். இப்படி ஒரு வீரத்தை வன்னி ஒப்பாரியாகப் பாடி வைத்திருக்கிறது. சங்கப் பாட்டில் யானையை வென்றவனுக்கு உயிரோடு இருக்கும்போதே புகழ் கிடைக்கிறது, இவளுக்கு ஏன் செத்த பிறகு? அவளைப் பற்றிக் கடைசி வார்த்தையை யார் சொல்கிறார்கள்: அழுகிறவரா, கொன்றவரா, ஊரா? பிறகு, உங்கள் அம்மம்மா அதை யாருடைய சாவீட்டில், எந்த வருடங்களில், யாரை நினைத்துப் பாடினார்? ஒரு பழைய ஒப்பாரிக்குள் புதிய இழப்புகள் வந்து சேரும்போது, அழப்படுகிறவர் அரியாத்தைதானா? இது அறவியலும்தான், விமர்சனமும்தான். சங்ககால வீரயுகப் பாடல்களைக் கிரேக்கக் காவியத்தோடு ஒப்பிட்டு விமர்சகர் க. கைலாசபதி செய்த ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. அதை எடுத்து இந்த ஒப்பாரிக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எங்கே பொருந்தாமல் போகிறதோ அந்த இடத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள்.

அம்மம்மா இருக்கிறாரென்றால் இந்தக் கிழமையே கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பாட்டை மட்டும் எடுக்காதீர்கள், நடுவில் அவர் நிறுத்திச் சொல்லும் கதையையும் எடுங்கள். அழுதால் நிறுத்திவிடுங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம்.

தூரத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். மாங்குளத்தில் ஏ9 வீதியில் ஏறி யாழ்ப்பாணம் போகும்போது கிளிநொச்சியின் அறிவியல் நகரைக் கடக்கிறீர்கள். அங்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியலும் விவசாயமும் தொழில்நுட்பமும் உண்டு. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானபோது இருந்த பீடங்கள் பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழில்நுட்பம். கலை படித்த வன்னிப் பிள்ளை மேலே படிக்க யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிவரை பஸ்ஸில் போக வேண்டும் என்ற நிலை சரியில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டும். நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பதவி கிடைத்த பிறகுதான் விமர்சகர் ஆகலாம் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தளர்த்துங்கள். புங்குடுதீவின் மு. தளையசிங்கம் 38 வயதில் 1973இல் இறந்துபோனார். பள்ளிக்கூட ஆசிரியராகத்தான் இருந்தார். ஆனால் ஈழத்து இலக்கியம் பற்றியும் மெய்யியல் பற்றியும் அவர் எழுதியவற்றைத் தாண்டி அந்தக் காலத்தைப் பற்றி இன்றும் யாரும் பேசிவிட முடியாது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களோடு சரிக்குச் சரி நின்று வாதாடினார்.

இனி நடைமுறை. நேர்முகத்தில் உங்களுக்கு எதிராக இருந்தது பெரும்பாலும் உயர்பட்டமும் வெளியான கட்டுரைகளும் இல்லாததுதான், உங்கள் மூளை அல்ல. முதுதத்துவமாணி பட்டத்தைத் தரும், அந்த ஆய்விலிருந்து கட்டுரைகளையும் நீங்கள் எழுதலாம். மெய்யியல் துறையிலேயே பதியுங்கள், உங்கள் முதற்பட்டம் அங்கே இருப்பதால் நுழைவு எளிது. இலக்கியம் தெரிந்த ஒருவரை இணை மேற்பார்வையாளராகக் கேளுங்கள். பகுதிநேரமாகச் செய்ய முடியுமா, கட்டணம் எவ்வளவு, வருகை எத்தனை நாள் என்பதையெல்லாம் அலுவலகத்தில் நேரே கேளுங்கள், நண்பர் சொன்னார் என்று நம்ப வேண்டாம். உங்கள் அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பின்னால் விடுமுறைப் பிரச்சினை வராது.

அம்மாவோடு சண்டை வேண்டாம். சம்பளம் நிற்காது என்பது அவருக்குத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஆய்வு அவருடைய அம்மாவின் பாட்டைப் பற்றியது என்று சொன்னால் மீதிப் பயமும் போகலாம். அந்த ஒப்பாரியில் உங்களுக்குத் தெரியாத வரிகள் அவரிடமே இருக்கவும் கூடும்.

ஓகஸ்ட் விடுமுறையில் துறைக்குப் போய் ஒருவரைச் சந்தியுங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம். அதற்கு முன்னால் ஒப்பாரியைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிவிடுங்கள், மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு பிரதியை எனக்கும் அனுப்புங்கள், கட்டாயம் படித்து எழுதுகிறேன்.