அம்மாவின் ஸ்பைரோமெட்ரி: 3 நொடி ஊதியது போதாது

வணக்கம். அம்மாவுக்கு இழுப்பு குறையவே இல்லை, ஆனால் ஸ்பைரோமெட்ரியில் (வேகமாக ஊதவைத்து நுரையீரலைச் சோதிக்கும் டெஸ்ட்) விகிதம், அதாவது ஊதிய மொத்தக் காற்றில் முதல் நொடியில் வந்த பங்கு, 77 சதவீதம், மூச்சுக்குழாயில் அடைப்பில்லை என்று ரிப்போர்ட் வந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த 77-ஐ அப்படியே நம்ப வேண்டாம். முதல் நொடியில் 1.20 லிட்டர், மொத்தம் 1.55 லிட்டர், ஊதியது 3 நொடிதான். நேரம் போகப்போக வெளிவந்த காற்றின் அளவைக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள்: கோடு கடைசியில் சமமாகப் படியாமல், ஏறும்போதே அறுந்திருந்தால் பாதியில் நிறுத்திவிட்டார்கள். மீதிக் காற்றும் வந்து மொத்தம் 1.80 ஆகியிருந்தால் விகிதம் 67, வழக்கமான 70 சதவீத வரம்புக்குக் கீழே; அது அடைப்புதான்.

மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். மூக்கில் கிளிப், உதட்டோரம் கசிவு கூடாது, 6 நொடிக்கு மேலானாலும் கோடு படியும்வரை ஊத வேண்டும். சால்பியூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் மருந்து) 4 பஃப் கொடுத்து 15 நிமிடம் கழித்தும் ஒருமுறை அவசியம். அதற்குமுன் இன்ஹேலரை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று டாக்டரிடம் கேளுங்கள். இடையில் மூச்சு முட்டினால் டெஸ்டைப் பற்றி யோசிக்காமல் இன்ஹேலரைப் போட்டுவிடுங்கள்.