எழுத்தா, நடிப்பா?

கேள்வி: என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நகைச்சுவை நாடகம் எழுதி, அதில் அவளே நடிக்கவும் செய்கிறாள். அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளரும் நடிகையுமான மிண்டி கேலிங் மாதிரி வரப்போகிறாளாம். “எழுத்தோ நடிப்போ, ஏதாவது ஒன்றைப் பிடி” என்றால் கோபித்துக்கொள்கிறாள். நான் சொல்வது தவறா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: கோபம் வரத்தான் செய்யும். மிண்டி கேலிங் ஒன்றை மட்டும் பிடித்திருந்தால் அவர் பெயர் உங்கள் வீட்டில் அடிபட்டே இருக்காது.

அப்பா தமிழர், அம்மா வங்காளி. குடும்பப் பெயரான சொக்கலிங்கத்தின் வால்தான் அந்தக் ‘கேலிங்’. 2001இல் டார்ட்மவுத் கல்லூரியை முடித்துவிட்டு நியூயார்க் போனார். அவரைப் போன்ற பெண்ணுக்கு அன்று அங்கே யார் வேடம் எழுதி வைத்திருந்தார்கள்? தோழியும் அவருமாக ‘மேட் அண்ட் பென்’ என்று ஒரு நாடகம் எழுதினார்கள். ஹாலிவுட் நடிகர்கள் மேட் டேமனும் பென் அஃப்லெக்கும்தான் பாத்திரங்கள்; நடித்தவர்கள் இந்த இரண்டு பெண்கள். மிண்டிதான் பென்! இரண்டே பேர், ஓர் அறை, செலவும் குறைவு. 2002இல் நியூயார்க் ஃப்ரிஞ்ச் நாடக விழாவில் அரங்கேறியது.

அதைப் பார்த்த தயாரிப்பாளர் கிரெக் டேனியல்ஸ், ஓர் அலுவலகத்தில் நடக்கும் ‘தி ஆபீஸ்’ என்ற நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடருக்கு அவரை எழுத்தாளராக எடுத்தார். வயது 24. எழுத்தாளர் குழுவில் அப்போது ஒரே பெண். இரண்டாவது அத்தியாயத்திலேயே கெல்லி கபூராகத் திரையிலும் வந்துவிட்டார். சின்ன வேடம்தான். ஆனால் எழுதும் மேசையில் இடம் இருந்ததால், வேடம் சின்னது என்று வேலை போய்விடவில்லை. 2006இல் அந்த அலுவலகத்தையே தீபாவளி கொண்டாட வைத்த அத்தியாயமும் அவர் எழுதியதுதான்.

அப்புறம் 2012இல், தானே உருவாக்கி நாயகியாகவும் நடித்த ‘தி மிண்டி ப்ராஜெக்ட்’. மூன்று சீசனோடு ஃபாக்ஸ் தொலைக்காட்சி அந்தத் தொடரைக் கைவிட்டது. ஹூலு என்ற ஓடிடி தளம் எடுத்துக்கொண்டு 2017 வரை நடத்தியது. ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரை இன்னொருவரோடு சேர்ந்து உருவாக்கியபோது, நாயகி வேடத்தை மைத்ரேயி ராமகிருஷ்ணனுக்குக் கொடுத்துவிட்டு எழுத்துப் பக்கம் நின்றுகொண்டார்.

உங்கள் கவலை வருமானம் பற்றியது என்றால், அது நியாயம்தான். மிண்டியும் ஆரம்பத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவர்தான். மகள் பட்டத்தை முடிக்கட்டும், கைச்செலவுக்கு ஒரு வேலையும் பார்க்கட்டும். அதில் கறாராக இருங்கள். நடிப்பை விடச் சொல்லாதீர்கள். எழுதுவதை நிறுத்தினால் மட்டும் கேளுங்கள். புதிதாக எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சிரிப்பு வராத இடத்தில், பெற்ற பாசத்துக்காகச் சிரித்து வைக்காதீர்கள்.