இந்தோனேசிய வசைச்சொற்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கே: இந்தோனேசிய நண்பர்கள் 'அஞ்ஜிங்' என்று எழுதிவிட்டுச் சிரிக்கிறார்கள். நாய் என்றுதானே பொருள்?

ப: நாய்தான். ஆனால் தனியாக வந்தால் நம் 'அடச்சே', 'அடேயப்பா' மாதிரி. 'அஞ்ஜிர்', 'அஞ்ஜாய்' எல்லாம் அதையே மழுப்பிச் சொல்வது. "அஞ்ஜிங், பாகுஸ் பாங்எத்" என்றால் 'அடேயப்பா, ரொம்ப நல்லாருக்கு'. "டாசார் அஞ்ஜிங் லு" என்றால் 'சரியான நாய்டா நீ'. முன்னால் 'டாசார்', பின்னால் 'லு' வந்தால் சொல் ஆள்மேல் பாய்கிறது. கிழக்கு ஜாவாவின் சுரபாயா நகரத்து 'ஜன்சுக்'கும் அப்படித்தான்: நண்பனிடம் செல்லம், அந்நியரிடம் சண்டை.

கே: கருத்துப்பெட்டிக்குத் தடைச்சொல் பட்டியல் போட்டேன். வசை தப்பிவிடுகிறது, நல்லது மாட்டுகிறது.

ப: சொல்லுக்குள் சொல்லைத் தேட விட்டிருப்பீர்கள். 'தாய்' அங்கே மலம் (தமிழ்க் காதுக்குச் சங்கடம்தான்). அதைத் தடுத்தால் கடற்கரையைக் குறிக்கும் 'பந்தாய்', நிதானத்தைக் குறிக்கும் 'சந்தாய்' இரண்டும் போச்சு. முழுச்சொல்லாகப் பொருத்துங்கள். வசையாகவும் வரும் 'பாபி'யை (பன்றி) தடுத்தால், வடக்கு சுமத்ராவின் மேடான் நகரில் பன்றி வறுவல் விற்பவர் விளம்பரமும் அடிபடும். அதை ஒரு மனிதர் படித்துப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

வசை தப்புவது எழுத்துக்கூட்டலால். உயிரெழுத்தை விழுங்குவார்கள், ரோமன் எழுத்து 'ஏ'வுக்கு (a) 4, 'ஐ'க்கு (i) 1 போடுவார்கள். சுத்தம் செய்யும் வரிசை முக்கியம். முதலில் சொல்லின் கடைசியில் வரும் 2-ஐ இரட்டிப்பாக்குங்கள். 'ஓராங்2' என்றால் 'ஓராங்-ஓராங்', அதாவது மக்கள். அதன்பிறகே மற்ற எண்களை எழுத்தாக்குங்கள். அடுத்து, இழுத்து எழுதியதைச் சுருக்கி, கொச்சையைச் சரியான சொல்லாக மாற்றும் அகராதியில் ஓட்டுங்கள். ஆய்வாளர்கள் இப்ரோஹிமும் புடியும் 2019-இல் வெளியிட்ட 13,169 ட்வீட் தொகுப்போடு அப்படியொரு அகராதியும் கிடைக்கிறது. ஒட்டுகளை நீக்கி வேர்ச்சொல்லைத் தரும் பிரிப்பான் கடைசியில்தான். முன்னால் வைத்தால் கொச்சைச் சொல் அதற்குப் புரியாது.

கே: பட்டியலில் சேர்க்கவே முடியாத வசை உண்டா?

ப: உண்டு, சாதாரண விலங்குப் பெயரே வசையாவது. அதுதான் ஆபத்தானது. 2019 அதிபர் தேர்தலில் மோதிய இருவரில் ஜோகோவி ஆதரவாளர் 'செபோங்' (தலைப்பிரட்டை), பிரபோவோ ஆதரவாளர் 'கம்ப்ரெத்' (சிறு வௌவால்). 'மொஞெத்' வெறும் குரங்குதான். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் சுரபாயாவில், நாட்டின் கிழக்குக் கோடியான பாப்புவாவின் மாணவர்கள்மேல் அந்தச் சொல்லை வீசியதும் பாப்புவாவே கொந்தளித்தது.

கே: மேடானில் தமிழரைக் 'கெலிங்' என்பது?

ப: இழிசொல்லாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கம்போங் கெலிங் என்ற பேட்டை இப்போது கம்போங் மட்ராஸ்.

கே: வழக்குப் போடலாமா?

ப: 2024-இன் 1-ஆம் எண் சட்டம் (மின்னணுத் தகவல், பரிவர்த்தனைச் சட்டத்தின் திருத்தம்) 27ஏ பிரிவின் அவதூறுக்கு வைத்தது: இரண்டாண்டுச் சிறை வரை, 40 கோடி ரூப்பியா அபராதம் வரை. பாதிக்கப்பட்டவரே புகார் தர வேண்டும். ஏதோ ஒன்றைச் செய்ததாகக் குற்றஞ்சாட்டியிருந்தால்தான் இந்தப் பிரிவு. வெறுமனே 'கோப்லோக்' (முட்டாள்) என்றால் பொருந்தாது. பதிவின் இணைப்பு, கணக்குப் பெயர், நேரம் மூன்றும் தெரியும்படி படம் எடுத்துவையுங்கள்.