குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் ஊசி: இன்சூரன்ஸ் தருமா, போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு முதல் குழந்தை 31 வாரத்திலேயே பிறந்து, கோவையில் ஒரு மாதத்துக்கு மேல் இன்குபேட்டரில் இருந்து பிழைத்தது. இப்போது மறுபடி கர்ப்பம், 15 வாரம். அடுத்த வாரத்தில் இருந்து 36 வாரம் வரை வாரம் ஒரு ஹார்மோன் ஊசி போடணும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மருந்து, போடும் கூலி எல்லாம் சேர்த்து ஒரு ஊசிக்கு 450 ரூபாய். மருமகனின் கம்பெனி இன்சூரன்சில் இந்தப் பணம் கிடைக்குமா? அமெரிக்காவில் இருக்கும் எங்கள் உறவுக்காரப் பெண், 'அங்கே இந்த ஊசியையே நிறுத்திட்டாங்க' என்கிறாள். பயமாக இருக்கிறது. (அரவேணு, கோத்தகிரி வட்டம்)

பதில்: அம்மா, உங்கள் உறவுக்காரப் பெண் சொன்னது உண்மைதான். முதலில் மருந்துச் சீட்டையும் ஊசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். 'ஹைட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் கேப்ரோயேட்' என்று இருந்தால் நான் சொல்வது அதைப் பற்றித்தான். வெறும் 'புரோஜெஸ்டிரோன்' என்று இருந்தால் அது வேறு மருந்து. பெயர் ஒன்றுபோல இருப்பதால் கடைக்காரரே குழம்புவது உண்டு.

அமெரிக்காவில் இந்த ஊசியை உள்ளூர் மருந்துக் கடைகளே கலந்து கொடுத்து வந்தன, ஒன்று 10 முதல் 20 டாலர். 2011 பிப்ரவரியில் 'மக்கேனா' என்ற பெயரில் ஒரு கம்பெனி அனுமதி வாங்கி, ஓர் ஊசிக்கு 1,500 டாலர் என்று விலை வைத்தது. ஊரே கொதித்தது. இரண்டு மாதத்துக்குள் 690 டாலராக இறக்கினார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் யாரும் தொட முடியாத விலைதான் அதுவும். அனுமதி கொடுத்ததும் நிபந்தனையோடுதான்: பெரிய ஆய்வு ஒன்று நடத்தி, மருந்து பலன் தருகிறது என்று காட்ட வேண்டும். சுமார் 1,700 பெண்களை வைத்து நடந்த அந்த ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. 35 வாரத்துக்கு முன்னால் பிரசவம் ஆனவர்கள் இந்த ஊசி போட்டவர்களில் 11 சதவீதம், மருந்து இல்லாத போலி ஊசி போட்டவர்களில் 11.5 சதவீதம். வித்தியாசமே இல்லை என்றுதான் அர்த்தம். 2023 ஏப்ரலில் அங்கே அனுமதியை ரத்து செய்தார்கள். 2024-இல் ஐரோப்பிய மருந்து ஆணையமும் இதை நிறுத்தி வைக்கச் சொன்னது. பலன் இல்லை என்பது ஒரு காரணம். கருவில் இருக்கும்போது இந்த மருந்து பட்ட பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரலாமோ என்ற சந்தேகம் இன்னொன்று. அது உறுதியாகவில்லை, அதனால் ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள் பதற வேண்டாம். ஆனாலும், பலன் தராத மருந்துக்காக அந்தச் சந்தேகத்தைச் சுமக்க வேண்டுமா என்பது என் கேள்வி.

இதற்காக டாக்டரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பல வருடமாக எழுதி வந்த பழக்கம் அது, 2003-இல் வந்த ஓர் ஆய்வு நல்ல பலன் காட்டியதும் நிஜம். சீட்டை எடுத்துப்போய், '2019 ஆய்வுக்கு அப்புறமும் என் மகளுக்கு இது ஏன் தேவை? கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்து பார்க்கலாமா?' என்று இரண்டே கேள்வி கேளுங்கள். முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்களுக்கு 16 வாரத்தில் இருந்து 24 வாரம் வரை இந்த அளவை அவ்வப்போது பார்ப்பது வழக்கம். 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் இரவில் பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரையோ, கர்ப்பப்பை வாயில் தையலோ போடுவார்கள். அவற்றுக்கு ஆதாரம் இருக்கிறது. மகளுக்கு ரத்தம் உறையும் தொந்தரவோ, கல்லீரல் கோளாறோ, மார்பகப் புற்றுநோயோ முன்பு இருந்திருந்தால் எந்த ஹார்மோனுக்கும் முன்னால் அதைச் சொல்லிவிடுங்கள்.

சரி, இன்சூரன்ஸ். நீங்கள் கேட்ட ஊசிப் பணம், 20 வாரத்துக்குக் கிட்டத்தட்ட 9,000 ரூபாய், பெரும்பாலும் கிடைக்காது. மருத்துவமனையில் படுக்காமல் வெளியில் வாங்கும் மருந்தைப் பல பாலிசிகள் தருவதில்லை. தனியாக வாங்கும் பாலிசிகளிலோ பிரசவச் செலவே விலக்குப் பட்டியலில் 18-ஆம் எண்ணில் உட்கார்ந்திருக்கும். அதற்கென்று கூடுதல் கவர் எடுத்தாலும் காத்திருப்புக் காலம் உண்டு, இப்போது எடுத்து இந்தப் பிரசவத்துக்கு உதவாது. கம்பெனி குரூப் பாலிசியில் பிரசவத்துக்குக் காத்திருப்பு இல்லாமலே கவர் இருப்பது சகஜம், ஆனால் அதற்கு ஒரு வரம்புத் தொகை வைத்திருப்பார்கள்.

இந்த 9,000-ஐ விட்டுவிட்டு, மருமகனை அவருடைய ஆபீஸ் ஹெச்.ஆரிடம் வேறு ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். 'குழந்தைக்கு முதல் நாளில் இருந்தே கவர் உண்டா? அது பிரசவ வரம்புக்குள்ளா, இல்லை குடும்பத்தின் முழுத் தொகையில் இருந்தா?' பல பாலிசிகள் பிறந்த குழந்தையை 90 நாளுக்கு அப்புறம்தான் சேர்க்கின்றன. இன்குபேட்டர் பில் வருவது முதல் மாதத்தில். முதல் குழந்தைக்கு எவ்வளவு ஆனது என்று உங்களுக்கே தெரியும். பதிலை இமெயிலில் எழுதி வாங்கச் சொல்லுங்கள், வாய் வார்த்தை க்ளெய்ம் நேரத்தில் நிற்காது. நியாயமில்லாமல் க்ளெய்மை மறுத்தால் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

இன்சூரன்ஸ் கைகொடுக்காவிட்டாலும், அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்கும் பிறந்த குழந்தைக்கும் மருந்து, பரிசோதனை, வண்டி எல்லாம் இலவசம். 34 வாரத்துக்குள் வலி வந்தால் குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி மிகவும் மலிவானது. குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றுவதில் அது செய்யும் வேலையை இந்த வாராந்திர ஊசி செய்வதில்லை. ஆனால் பிரசவத்துக்குச் சில மணி நேரம் முன்பாவது அந்த ஸ்டீராய்டு உள்ளே போயிருக்க வேண்டும். அங்கேதான் மலையில் இருப்பவர்களுக்குச் சிக்கல். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் கோவை என்பது வெறும் பேச்சு. மகளை 28 வாரத்துக்குப் பிறகு ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, கோவைக்கோ பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் வைக்க முடியுமா என்று இப்போதே யோசியுங்கள். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயை அங்கே கொண்டுபோவதுதான் பத்திரம். இடுப்பு வலி, வயிறு இறுகி இறுகி விடுவது, நீர்க்கசிவு, எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் மருந்துக் கடையில் இதே மாதிரி ஹார்மோன் மருந்துக்கு அட்டையில் போட்ட விலைக்கு மேல் 30 ரூபாய் வாங்குகிறார்கள். கேட்டால் 'மலைக்கு ஏற்றி வரும் வாடகை' என்கிறார்கள். பில்லும் தருவதில்லை. (கூடலூர்)

பதில்: அட்டையில் இருக்கும் அதிகபட்ச விலையில் வரியும் வாடகையும் அடக்கம். கூடலூரானாலும் சென்னையானாலும் அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய மருந்து இது, பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். பில் கேட்டும் தராவிட்டால் அட்டையை போட்டோ எடுத்து, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். மாவட்ட மருந்து ஆய்வாளருக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.