சின்ன சக்கரத்துல ஏற்காடு ஏறலாமா? ஏறலாம், முதல்ல முன்னாடி இருக்கற பல்ல எண்ணுங்க

சேலத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காரு. வயசு 46, எடை 74 கிலோ, செகண்ட் ஹேண்ட்ல ஒரு 20 இன்ச் மடக்கு சைக்கிள் வாங்கியிருக்காரு, பின்னாடி 7 கியர், 14 பல்லுல இருந்து 28 பல்லு வரைக்கும், முன்னாடி ஒரே ஒரு செயின்வீல், அதுல 52 பல்லு. அஸ்தம்பட்டி, கோரிமேடுன்னு காலைல சுத்தறதுக்கு நல்லா இருக்காம், ஆனா ஏற்காடு ரோட்ல அடிவாரம் தாண்டி ரெண்டாவது கொண்டை ஊசி வளைவு வர்றதுக்குள்ள முட்டி வலிச்சு இறங்கி தள்ள வேண்டியதா போகுதாம். "கூட ஓட்டறவங்க எல்லாம் சின்ன சக்கரம் மேடு ஏறாது, வித்துட்டு எம்டிபி, அதாவது மவுண்டன் பைக் வாங்குங்கன்னு சொல்றாங்க, நெசமா சார்? விக்கவா, வெச்சுக்கவா?"ன்னு கேக்கறாரு.

விக்காதீங்க சார். உங்க முட்டி வலிக்கு காரணம் சக்கரம் இல்ல, அந்த 52 பல்லு. சக்கரம் சின்னதா ஆக ஆக மிதிக்கறது லேசாகத்தான் செய்யும், ஏன்னா ஒரு மிதிக்கு வண்டி போற தூரம் குறையுது. அப்படியே விட்டா சமதளத்துல கால் வேகமா சுத்தும், வண்டி மெதுவா போகும், அதனால கம்பெனிக்காரங்க முன்னாடி 46, 48, 52னு பெரிய பல்லு போட்டு ஈடு கட்டிடறாங்க. டவுனுக்குள்ள ஓட்ட அது சரியான கணக்குதான், ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலைக்கு அந்த கணக்கு ஆகாது.

பெரிய சக்கரம்தான் பலம்ங்கற நெனப்பு ரொம்ப பழசு. 1870கள்ல ஆள் உசரத்துக்கு முன் சக்கரம் வெச்ச சைக்கிள்ல செயினே கெடையாது, பெடல் நேரா அந்த சக்கரத்து நடுவுலயே இருக்கும், ஒரு சுத்து மிதிச்சா சக்கரமும் ஒரு சுத்து, அப்ப சக்கரத்தோட அளவுதான் கியர். 1885ல ஜான் கெம்ப் ஸ்டார்லியோட ரோவர் சைக்கிள் பின் சக்கரத்துக்கு செயின் போட்டு வந்து பிரபலமானதுக்கு அப்புறம் சக்கரம் வேற கியர் வேறன்னு பிரிஞ்சு போச்சு. 1962ல இங்கிலாந்துல அலெக்ஸ் மோல்டன் 16 இன்ச் சக்கரம், நல்லா காத்து ஏத்தின டயர், ரப்பர் சஸ்பென்ஷன்னு ஒரு சைக்கிள் கொண்டு வந்து சின்ன சக்கரமும் வேகமா ஓடும்னு காட்டினாரு. இவ்ளோ வருஷம் கழிச்சும் நம்ம ஊர்ல சின்ன சக்கரம்னா பசங்க வண்டின்னு ஒதுக்கறாங்களேன்னு எனக்கு மெய்யாவே வருத்தம்.

நான் சொல்றத அப்படியே நம்ப வேண்டாம், வீட்லயே ஒரு டெஸ்ட் பண்ணி பாருங்க. வாசல்ல சிமெண்ட் தரைல சைக்கிள நிறுத்தி, கியர பின்னாடி இருக்கறதுலயே பெரிய பல்லுக்கு மாத்திட்டு, வலது பெடல் நேரா கீழ இருக்கற மாதிரி வெச்சுக்கங்க. பின் டயர் தரைய தொடற எடத்துல சாக்பீஸால தரைல ஒரு கோடு. இப்ப வண்டிய பின்னாடி உருட்டணும், முன்னாடி உருட்டினா ஃப்ரீவீல், அதாவது பின்னாடி இருக்கற பல்சக்கர செட், டிக் டிக்னு ஓடுமே தவிர பெடல் நிக்கும், பின்னாடி உருட்டினாதான் பெடலும் சேர்ந்து சுத்தும். பெடல் ஒரு முழு சுத்து சுத்தி மறுபடி கீழ வந்ததும் நிறுத்தி, டயர் நிக்கற எடத்துல இன்னொரு கோடு போட்டு, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல டேப் வெச்சு அளங்க. உங்க வண்டில 2.9 மீட்டர் பக்கம் வரும். 20 இன்ச் 1.75 டயரோட சுத்தளவு சுமார் 1.57 மீட்டர், 52ஐ 28ஆல வகுத்தா 1.86, பெருக்கினா 2.92. உங்ககிட்ட இருக்கறதுலயே லேசான கியர் இதுதான், அதுலயே ஒரு மிதிக்கு கிட்டத்தட்ட 3 மீட்டர் ஏறணும்.

இப்ப மலைக்கு வருவோம். சேலத்துல இருந்து ஏற்காடுக்கு ஏறத்தாழ 30 கிமீ, 20 கொண்டை ஊசி வளைவு, உசரம் 1,000 மீட்டருக்கு மேல ஏறணும். அடிவாரத்துல இருந்து சராசரியா பாத்தா சரிவு 5 சதவீதம் பக்கம்தான் இருக்கும், ஆனா எடத்துக்கு எடம் கூடும், வளைவோட உள்பக்கம் இன்னும் செங்குத்தா இருக்கும். நீங்க, வண்டி, தண்ணி, பை எல்லாம் சேத்து 90 கிலோன்னு வைங்க. ரேஸ் ஓட்டாத சாதாரண ஆளுக்கு மணிக்கணக்குல தொடர்ந்து 120 வாட்ஸ் மிதிக்கறதே நல்ல உழைப்பு, 7 சதவீத சரிவுல அந்த உழைப்புக்கு கெடைக்கற வேகம் மணிக்கு 6 கிமீ அவ்ளோதான். அந்த வேகத்துல உங்க 2.92 மீட்டர் கியர்ல கால் நிமிஷத்துக்கு 34 சுத்துதான் சுத்தும், 60 சுத்தாவது சுத்தினாதான் முட்டிக்கு நல்லது. 34 சுத்துல ஏறறதுன்னா ஒவ்வொரு மிதியும் குண்டா கல்லு தூக்கி வெக்கற மாதிரி, அதான் ரெண்டாவது வளைவுலயே முட்டி அலறுது. உங்க ஸ்டாமினாவ குறை சொல்லாதீங்க.

சரி, என்ன மாத்தறது? முதல்ல பின்னாடி. 7 கியர் மடக்கு சைக்கிள்ல பெரும்பாலும் மரை போட்டு திருகற ஃப்ரீவீல்தான் இருக்கும், அதுல ஷிமானோவுல 14ல இருந்து 34 பல்லு வரைக்கும் ஒண்ணு வருது, கடைசி பல்சக்கரம் மட்டும் 24ல இருந்து ஒரே தாவா 34க்கு போகும். சமதளத்துல அந்த தாவல் ஒரு மாதிரி இருக்கும், மலைல அந்த 34 தான் உங்கள காப்பாத்தும். இத மட்டும் மாத்தினா ஒரு மிதிக்கு 2.4 மீட்டர், பாதி நிம்மதி.

மீதி பாதி முன்னாடி. 52ஐ எடுத்துட்டு 38 போடணும். இங்க கடைக்கு போறதுக்கு முன்னாடி குனிஞ்சு செயின்வீல ஒரு தடவ பாருங்க, க்ராங்கோட, அதாவது பெடல் மாட்டற கையோட, 5 போல்ட்ல பிடிச்சிருந்தா கவலையில்ல, அந்த 5 போல்ட்டு வழியா போற வட்டத்தோட குறுக்களவு 130 மிமீன்னா அதுல போடக்கூடிய சின்ன செயின்வீல் 38, 110 மிமீன்னா 34 வரைக்கும் போகலாம். போல்ட்டுக்கு பதிலா ரிவெட் அடிச்சிருந்தா செயின்வீல் தனியா கழறாது, க்ராங்கையே மாத்தணும், விலை குறைஞ்ச வண்டிகள்ல இது சகஜம். 38ம் 34ம் சேந்தா கணக்கு 1.75 மீட்டர். நிமிஷத்துக்கு 60 சுத்துல மணிக்கு 6.3 கிமீ. உங்க ஒடம்பு கொடுக்கற உழைப்புக்கு அளவெடுத்து தச்ச சட்டை மாதிரி உக்காரும்.

உங்க நண்பர்கள் வாங்க சொல்ற எம்டிபிய இதோட ஒப்பிட்டு பாருங்க. நம்ம ஊர்ல விக்கற சாதாரண 26 இன்ச் எம்டிபில முன்னாடி சின்ன பல்சக்கரம் 24, பின்னாடி பெருசு 28, சக்கர சுத்தளவு 2.07 மீட்டர், கணக்கு போட்டா 1.77 மீட்டர். அதாவது ரெண்டும் ஒண்ணுதான்! அந்த வண்டில சஸ்பென்ஷன் ஃபோர்க்கோட எடையையும் சேத்து மேல தூக்கணும், பஸ்லயும் ஏத்த முடியாது.

இழப்பே இல்லன்னு சொல்ல மாட்டேன். 38 போட்டா உச்ச வேகம் குறையும், 14 பல்லுல நிமிஷத்துக்கு 80 சுத்து மிதிச்சா முன்னாடி 28 கிமீ போனது இனிமே 20 கிமீ தான். காலைல காத்து வாங்க ஓட்டறவங்களுக்கு அது போதும்னு நான் நெனக்கறேன், இறக்கத்துல எப்படியும் மிதிக்க போறதில்ல. தினமும் பைபாஸ்ல வேகமா போற ஆளா இருந்தா 42 பல்லு வெச்சுக்கங்க, அதுல 1.94 மீட்டர் வரும், கொஞ்சம் மூச்சு வாங்கும் ஆனா ஏறிடலாம்.

மெக்கானிக்கிட்ட ரெண்டு விஷயம் கண்டிப்பா சொல்லணும். ஒண்ணு, பின்னாடி செயின தள்ற டீரெய்லர் 34 பல்லு வரைக்கும் தாங்குமான்னு பாக்க சொல்லுங்க, சில சாதா மாடல் 28 வரைக்கும்தான், மீறி போட்டா மேல் உருளை பல்லுலயே உரசும். மாத்தறதா இருந்தா உருளைங்கள தாங்கற கூண்டு ரொம்ப நீளமா இருக்கறத வாங்காதீங்க, 20 இன்ச் சக்கரத்துல அது தரைக்கு ரொம்ப பக்கத்துல தொங்கும், மழை சேறு எல்லாம் அதுல தான். ரெண்டாவது செயின் நீளம். முன்ன 52ம் 28ம் சேந்து 80 பல்லு, இப்ப 38ம் 34ம் சேந்து 72, 8 பல்லு குறையுது, செயின் பல்சக்கரத்த பாதி சுத்துதான் தழுவுது, அதனால 4 கண்ணி எடுக்கணும். எடுக்கலன்னா சின்ன பல்லுல போறப்ப செயின் தொளதொளன்னு தொங்கி ஃப்ரேம்ல அடிக்கும்.

கியர் சரியாயிடுச்சுன்னா அடுத்தது சீட். மடக்கு சைக்கிள் ஓட்டறவங்கள பத்துல எட்டு பேர் சீட்ட தாழ்வா வெச்சு முட்டிய மடக்கி மடக்கி ஓட்டறத நான் பாக்கறேன், மனசு கேக்க மாட்டேங்குது. குதிகால பெடல்ல வெச்சு பெடல் கீழ இருக்கும்போது கால் நேரா நீளணும், அதுதான் உசரம். அந்த உசரத்துல சீட் போஸ்ட்ல மார்க்கர்ல ஒரு கோடு போட்டுட்டா ஒவ்வொரு தடவ மடக்கி விரிக்கும்போதும் தேட வேண்டாம், போற வழில போஸ்ட் மெல்ல இறங்கிச்சுன்னாலும் தெரிஞ்சிடும். கம்பெனி போட்ட கடைசி கோடு வெளிய தெரியற அளவுக்கு மட்டும் தூக்காதீங்க.

மலைல எழுந்து நின்னு மிதிக்க வேண்டாம். ரோட் பைக்ல அது அழகு, ஆனா இதுல ஹேண்டில் தண்டு நீளம், கீழ ஒரு கீல் வேற, நின்னு இழுத்தா தண்டு ஆடும், உழைப்பு அதுலயே போயிடும், கீலும் தேயும். உக்காந்தே, பேச்சு நிக்காத அளவுக்கு மூச்சு விட்டுக்கிட்டு மிதிங்க, மேடு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கியர மாத்திடுங்க, பாரம் விழுந்ததுக்கு அப்புறம் மாத்தினா செயின் கடகடன்னு அலறும். இன்னொண்ணு, சீட் தண்டு பின்னாடி சாஞ்சு இருக்கறதால எடை எல்லாம் பின் சக்கரத்துல உக்காரும், செங்குத்தான எடத்துல முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் அலையும், ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலும் பையும் முன்னாடி மாட்டிட்டா அலைச்சல் நிக்கும். வளைவுல உள்ஓரத்த ஒட்டி ஏறாம, பின்னாடி வண்டி இல்லன்னு பாத்துட்டு கொஞ்சம் அகலமா எடுங்க, சரிவு பாதியா தெரியும். வாரக்கடைசியும் மே மாச கோடை விழா சமயமும் வேண்டாம், பஸ்ஸும் காரும் வரிசை கட்டும். கிழக்கு வெளுக்கும்போது அடிவாரத்துல இருந்தீங்கன்னா ரெண்டரை மூணு மணி நேரத்துல மேல ஏற்காட்டுல ஒண்டிக்கடைங்கற எடத்துல டீ குடிக்கலாம். வழில குரங்கு நெறைய, வாழப்பழத்த பைக்குள்ள மூடி வைங்க.

டயர் விஷயம் சுருக்கமா. டயர் பக்கவாட்டுல 47-406னு மாதிரி ஒரு நம்பர் இருக்கும், பின்னாடி வர்ற 406 தான் முக்கியம், 20 இன்ச்லயே 451னு இன்னொரு ரிம் இருக்கு, அதோட டயர் இதுக்கு சேராது. 406 ட்யூப் எந்த சைக்கிள் கடைலயும் பசங்க வண்டிக்குன்னு கேட்டா கெடைக்கும், ஒண்ணு கைல வெச்சுக்கங்க. காத்து கம்மியா இருந்தா சின்ன சக்கரத்துக்கு பெரிய சக்கரத்த விட பாதிப்பு அதிகம், டயர்ல போட்டிருக்கற உச்ச அளவு 65 பிஎஸ்ஐன்னா பின்னாடி 60, முன்னாடி 50 வைங்க.

இறக்கம்தான் எனக்கு உண்மைல பயம். மேல ஏறறதுக்கு ஆயிரம் யோசனை கேக்கறவங்க கீழ வர்றத பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறாங்க. சின்ன ரிம்ல உலோகம் கம்மி, பிரேக் கட்டை உரசற சூடு தங்க எடம் இல்ல, சீக்கிரம் கொதிக்கும். ஒரு தடவ பின் பிரேக்க விடாம பிடிச்சுக்கிட்டே இறங்கினேன், அஞ்சாறு வளைவு தாண்டினதும் ரப்பர் கருகற வாசனை, நிறுத்தி ரிம் மேல பாட்டில்ல இருந்து ரெண்டு சொட்டு தண்ணி விட்டேன், தோசைக்கல்லுல விழுந்த மாதிரி சுர்ருன்னு ஆவியா போச்சு. அந்த சூடு உள்ள ட்யூபுக்கு போனா வெடிக்கும், வளைவுல முன் டயர் வெடிச்சா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. அதனால தொடர்ந்து பிடிக்காம, ரெண்டு பிரேக்கையும் சேத்து பிடிச்சு வேகத்த நல்லா குறைச்சு, விட்டு, மறுபடி பிடிச்சுன்னு வாங்க, மணிக்கு 25 கிமீ தாண்ட விடாதீங்க, ரெண்டு மூணு வளைவுக்கு ஒரு தடவ ஓரமா நிறுத்தி அதே ரெண்டு சொட்டு தண்ணி டெஸ்ட். விரலால தொட்டு பாக்காதீங்க. பெரிய சக்கரம் தாண்டி போற குழில இது உள்ள இறங்கி நிக்கும், கண்ணு ரோட்லயே இருக்கட்டும். கிளம்பறதுக்கு முன்னாடி ஃப்ரேம் கீலையும் ஹேண்டில் தண்டு கீலையும் கையால அழுத்தி பூட்டிருக்கான்னு பாத்துடுங்க.

முதல் தடவ ஏறும்போது இறங்கவே வேண்டாம்னு தான் சொல்வேன். மேல பஸ் ஸ்டாண்டுக்கு போய் வண்டிய மடக்கி, பழைய பெட்ஷீட்ல சுத்தி கயிறு கட்டி, கண்டக்டர்கிட்ட லக்கேஜ்னு சொல்லிட்டு சேலம் பஸ்ல ஏறிடுங்க, செயின் இருக்கற பக்கம் மேல பாத்த மாதிரி வெச்சா டீரெய்லர் வளையாம வரும்.