பூச்சிக்கு ரத்தம் எப்படி ஓடுகிறது? கேட்டீர்கள், சொல்கிறேன்

கொசுவை அடித்தால் சிவப்பாகத் தெறிக்கிறதே, அது அதன் ரத்தம்தானே சார்?

இல்லை, உங்களுடையது. அல்லது பக்கத்து வீட்டுக்காரருடையது. கொசுவின் சொந்த ரத்தம் ஏறக்குறைய நிறமற்ற நீர். ஹீமோலிம்ஃப் என்பார்கள்.

இதயம் எங்கே இருக்கிறது?

முதுகுப் பக்கம், நீளமான ஒற்றைக் குழாயாக. உடம்பின் பின்பாதியில் இருக்கும் பகுதிதான் துடிக்கும். அதன் பக்கவாட்டில் வால்வு வைத்த சிறு துளைகள். அவற்றின் வழியே ரத்தம் உள்ளே வரும், குழாய் சுருங்கும்போது முன்னால் தள்ளப்பட்டுத் தலைக்குள் கொட்டும். அதோடு சரி, அப்புறம் குழாயே கிடையாது. குடல், தசை, நரம்பு எல்லாம் ரத்தத்தில் நனைந்தபடியே கிடக்கும். அவற்றின் இடுக்குகளில் ஊர்ந்து ரத்தம் பின்னால் வந்துசேரும். உணர்கொம்பு, இறக்கை மாதிரி ஒடுங்கிய இடங்களுக்குத் தனிக் குட்டிப் பம்புகள் உண்டு.

நேரில் பார்க்க ஆசையா? கொசுப்புழு ஒன்றை உருப்பெருக்கியில் வையுங்கள். முதுகில் இரண்டு வெள்ளிக் கோடுகள் தெரியும், அவை காற்றுக்குழாய்கள். நடுவே மெல்லிய குழாய் ஒன்று விட்டுவிட்டுச் சுருங்கும். பார்த்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், சிங்கப்பூரில் கொசு வளர்த்ததற்கு அபராதம் வந்தால் நான் பொறுப்பில்லை.

சிவப்பணு இல்லாமல் மூச்சு எப்படி?

பூச்சியின் ரத்தத்துக்கு ஆக்ஸிஜன் சுமக்கும் வேலையே பெரும்பாலும் இல்லை. உடம்பின் ஓரத்துத் துளைகளில் நுழையும் காற்று, கிளைபிரியும் குழாய்களில் நேராகத் திசுவுக்கே போகிறது. ரத்தம் சுமப்பது உணவு, ஹார்மோன், கழிவு, கிருமியோடு மல்லுக்கட்டும் அணுக்கள்.

வளர்ப்பு மீன் கடையில் தீனியாக விற்கும் புழு மட்டும் ஏன் சிவப்பு?

நல்ல கேள்வி, அது விதிவிலக்கு. இங்கே பிடோக் நீர்த்தேக்கத்துப் பக்கம் மொய்க்கும் கடிக்காத பூச்சி இருக்கிறதே, அந்த இனத்துப் புழு அது. ஆக்ஸிஜன் குறைந்த சேற்றில் வாழ்வதால் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும் சிவப்புப் பொருளான ஹீமோகுளோபின் வைத்திருக்கிறது.

தலை போன கரப்பான்பூச்சி ஓடுகிறதே?

ரத்த அழுத்தம் குறைவு, காயம் சீக்கிரம் உறைந்துவிடும். மூச்சுக்குத் தலை தேவையில்லை.

டெங்கிக் கொசு கடித்ததுமே கிருமியைப் பரப்புமா?

நோயாளியைக் கடித்த உடனே முடியாது. குடித்த ரத்தத்தோடு கிருமி முதலில் குடலில் மாட்டிக்கொள்ளும். குடல் சுவரைத் தாண்டி ஹீமோலிம்ஃபில் இறங்கி, அதில் மிதந்து எச்சில் சுரப்பியைப் பிடிக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் இதற்கு ஏறக்குறைய 8 முதல் 12 நாள். பிறகு சாகும்வரை பரப்பும்.