நரம்பு கடைசியில்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மரச்செதுக்கு பற்றிய உங்கள் கட்டுரைகளைப் படித்துவிட்டு, ஐம்பத்திரண்டாம் வயதில் உளியைக் கையில் எடுத்திருக்கிறேன். தேக்குப் பலகை ஒன்றில் மூன்று இலைகளையும் இரண்டு மாதுளைகளையும் புடைப்பாகச் செதுக்கினேன். படத்தை இணைத்துள்ளேன். நரம்புகளை நுணுக்கமாகக் கீறி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியும்கூட, அட்டையில் வெட்டி ஒட்டியதுபோலவே தெரிகிறது. மரச்செதுக்குக் கலைஞர் கிரின்லிங் கிப்பன்ஸின் பழக்கொத்துகளைப் பார்க்கும்போது எனக்கு இது வராதோ என்று தோன்றுகிறது. 24 உளிகள் கொண்ட ஒரு தொகுப்பை வாங்கலாமா? இலையை எவ்வளவு ஆழத்தில் செதுக்கவேண்டும், 8 மில்லிமீட்டரா, 12 மில்லிமீட்டரா?

கே.

அன்புள்ள கே.,

ஓர் இலையை நம் கண்ணுக்கு இலையாகக் காட்டுவது எது என்று சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டுகள் தயங்காமல் விழுந்திருக்கின்றன. மாதுளையின் முடியைச் செதுக்குவதில் நீங்கள் காட்டியிருக்கும் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதல்ல. எனவே வயதைப் பற்றிய கவலையை இத்துடன் விட்டுவிடுங்கள். ஆனால் இலைகளைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

பலகையில் இலையின் வெளிக்கோட்டை வரைந்து, அதைச் சுற்றியுள்ள மரத்தைக் கழித்து, மேல்பரப்பைத் தட்டையாகவே விட்டுவிட்டு, அதன்மேல் நரம்புகளைக் கீறியிருக்கிறீர்கள். இலையின் வரைபடத்தைத்தான் மரத்தில் ஏற்றியிருக்கிறீர்கள். எத்தனை நரம்பு கீறினாலும் தட்டையான பரப்பு வளைந்துவிடாது.

எனக்குக் கற்பித்த பெரியவர், புதிதாக வந்த மாணவர் கையில், நரம்பு கீறும் ‘வி’ வாய் உளியைக் கண்டாலே பிடுங்கி வைத்துவிடுவார். ஓர் இலையைப் பறித்துவந்து மேசைமேல் போட்டு, அது வாடும்வரை காத்திருக்கச் சொல்வார். பறித்த உடனே அது ஏறக்குறையத் தட்டையாகத்தான் கிடக்கும். ஈரம் குறையக் குறைய ஒரு பக்க விளிம்பு மேலே சுருளும், நுனி கீழே மடங்கும், நடுநரம்பின் இருபுறமும் வெவ்வேறு ஆழத்தில் பள்ளங்கள் தோன்றும். பிறகு கூரை விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கை இலைக்கு ஒரு பக்கமாக, மிகவும் தாழ்த்தி வைப்பார். நரம்புகள் கண்ணில் படுவதற்கு முன்பே எந்தப் பகுதி ஒளியில் நிற்கிறது, எந்தப் பகுதி நிழலில் இறங்குகிறது என்பது தெரிந்துவிடும். அந்த ஒளியையும் நிழலையும் களிமண்ணில் கொண்டுவந்து காட்டிய பிறகே மரத்தைத் தொட விடுவார். அப்போது எங்களுக்கு அது கொடுமையாகத் தோன்றியது. இன்று என்னிடம் யார் கேட்டாலும் அதையே செய்யச் சொல்கிறேன்.

மரம் முழுவதும் ஒரே நிறமாக இருக்கையில் மேடு பள்ளத்தைக் கண்ணுக்குச் சொல்வது நிழல்தான். நீங்களோ நேருக்கு நேர் ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்து, இருந்த கொஞ்ச நிழலையும் துடைத்திருக்கிறீர்கள். வேலை செய்யும்போதும் விளக்கு தலைக்கு மேலேதான் எரிந்திருக்கவேண்டும். முதலில் அதை மாற்றுங்கள்.

வெளிக்கோட்டை வெட்டிப் பின்தளத்தை இறக்கியதும், நரம்புகளை மறந்துவிட்டு, இலையின் எந்த இடம் பலகையின் பழைய மட்டத்திலேயே நிற்கவேண்டும், எந்த இடம் பின்தளத்தைத் தொடுமளவு தாழவேண்டும் என்பதை மட்டும் முடிவுசெய்யுங்கள். அகன்ற, வளைவு குறைந்த உளியால் எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி வெட்டுங்கள். பள்ளத்தின் அடியைத் தாண்டி எதிர்மேட்டில் ஏறினால் உளி இழைக்கு எதிராகப் போய் மரத்தைப் பிய்த்துவிடும். ஆகவே ஒரே பள்ளத்தை இரு பக்கமிருந்தும் வெட்டவேண்டியிருக்கும். பரப்பு வளைந்து முடிந்த பிறகே நடுநரம்பு, அதுவும் அந்த வளைவோடு ஏறி இறங்கி ஓடவேண்டும். கிளைநரம்புகளில் பாதியை விட்டுவிட்டாலும் ஒருவரும் தேடமாட்டார்கள். விளிம்பின் அடியைக் குடைவது எல்லாவற்றுக்கும் கடைசி வேலை, ஏனென்றால் மேல்பரப்பைத் தாழ்த்தும்போது விளிம்பின் இடமே நகர்கிறது. முன்கூட்டியே குடைந்துவைத்தால், இழைக்குக் குறுக்காக நீண்டிருக்கும் மெல்லிய நுனி எளிதில் உடைந்துவிடும்.

மாதுளைக்கும் இதே நோய்தான். உச்சியைத் தட்டையாக விட்டு, ஓரத்தை மட்டும் உருட்டியிருக்கிறீர்கள். மிக உயர்ந்த புள்ளியிலிருந்து ஓரம்வரை வளைவு எங்கும் நிற்காமல் இறங்கவேண்டும். அந்தப் புள்ளி நடுவில்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

உப்புத்தாளைத் தூக்கி எறியுங்கள். அதன் துகள்கள் மரத்தில் பதிந்து, மறுபடி உளி வைக்கும்போது வாயை மழுக்கும்; நீங்கள் பாடுபட்டு எடுத்த விளிம்புகளையும் மழுங்கடிக்கும். நன்றாகத் தீட்டிய உளியின் வெட்டுக்கு இயல்பாகவே ஒரு பளபளப்பு உண்டு.

கிப்பன்ஸைப் பார்த்துச் சோர்வது வீண். 1648இல் ராட்டர்டாமில் பிறந்து லண்டனில் பெயர்பெற்ற அவர், அந்தப் பழக்கொத்துகளை லிண்டன் மரத்தில், பலகைகளை அடுக்கடுக்காகப் பொருத்திச் செய்தார். நீங்கள் செதுக்குவதோ ஒற்றைப் பலகையில். தேக்கில் சிலிக்கா இருப்பதால் உளி விரைவில் மழுங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழகுவதற்கு லிண்டனைப்போல் நெருக்கமான, சீரான இழையுள்ள மென்மையான மரம் எது கிடைத்தாலும் நல்லது.

24 உளிகள் வேண்டாம். வளைவு எண் (உளி வாய் எவ்வளவு வளைந்தது என்பதைக் குறிக்கும் எண்) 3, 5, 7, 9 ஆகியவற்றில் ஒவ்வொன்றும், நடுநரம்புக்கென்று ஒரு ‘வி’ வாய் உளியும் போதும். மிச்சப் பணத்தை நல்ல சாணைக்கல்லுக்கும், தீட்டிய வாயை மெருகேற்றும் தோல்வாருக்கும் செலவிடுங்கள். ஆழத்தைப் பொறுத்தவரை 8 மில்லிமீட்டரே தாராளம். நாணயத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் ஒரு முகம் முழுதாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த பலகையில் ஒரே ஓர் இலையைச் செதுக்கி, நரம்பு போடுவதற்கு முன்பே, பக்கவாட்டில் விளக்கு வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள்.